ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில்
பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் நான் நோட்டரி.
முத்திரைக்கு ஐம்பது ரூபாய்.
மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று,
துபாய் போகிறவன் பிறந்த தேதி,
எல்லாம் மலைச்சாமியின் மெஷினிலிருந்து
சூடு ஆறாமல் என் மேஜைக்கு வரும்.
‘அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. உண்மை நகல்.’
பதினேழு வருஷத்தில்
ஒன்றைக்கூட ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

ஸ்டாம்பும் பழைய ஸ்டாம்பு இல்லை.
முந்தையது தேய்ந்து
‘உண்மை’யில் மட்டும் மை ஏறாமல் போனது.
அதைக் காட்டித்தான் டவுன்ஹால் ரோட்டில் இதைச் செய்தேன்.

போன தை மாதம்
கையெழுத்து ஒத்துவரவில்லை என்று
வங்கி என் காசோலையைத் திருப்பியது.
நேரில் போய், நான்தான் நான் என்றேன்.
மேலாளர் ஆதார் நகல் கேட்டார்,
சான்றொப்பத்துடன்.

செவ்வாய்க்கிழமை, கோர்ட் சாப்பாட்டு நேரம்.
ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள் ஜெசிந்தா,
பழைய போர்வையில் சுற்றிய இரண்டு சட்டங்களோடு.
பிரித்துச் சுவரில் சாய்த்தாள்.
இரண்டிலும் ஒரே மொட்டைமாடி,
ஒரே கறுப்புத் தண்ணீர்த்தொட்டி,
மூடி பறக்காமலிருக்க யாரோ வைத்த செங்கல்.

“ஒண்ணு நான் வரைஞ்சது.
இன்னொண்ணு, அதைப் பாத்து நானே வரைஞ்சது.
கொச்சியில வாங்குறவங்க அசலுக்குச் சான்று கேக்குறாங்க.
வீடு மாத்துனப்ப பின்னால ஒட்டுன சீட்டு உரிஞ்சுபோச்சு சார்.”
எது எது?
“எனக்கே தெரியல.”
அதில் அவளுக்கு ஒரு கள்ளச் சந்தோஷம்.

சட்டம் சொன்னேன்.
ஒரே முறையில், ஒரே அச்சில் வந்தவை என்றால்
ஒவ்வொன்றும் மூலம்.
ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினால் அது படி.

“அந்தத் தொட்டி அச்சுல ஊத்துனது சார்.
எல்லிஸ் நகர்ல எங்க பிளாக் மாடியில மட்டும் நாப்பத்தெட்டு நிக்குது.
அத்தனையும் அசலா?”
சட்டப்படி பார்த்தால், ஆமாம்.
“அதைப் பாத்து நான் வரைஞ்சது?”
நான் பேனாவின் மூடியைத் திறந்து மூடினேன்.
“அப்ப ரெண்டுலயும் உண்மை நகல்னே குத்திருங்க.”

குத்தியிருக்கலாம். நூறு ரூபாய்.
என்ன கிறுக்கோ,
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
அன்றைக்குத்தான் ஒப்பிட்டேன்.

இடது தொட்டியின் குழாய் நுனியில்
ஒரு சொட்டு, விழலாமா என்று நின்றது.
வலதில் சொட்டு இல்லை,
தரையில் ஈரம் இருந்தது.
செங்கல்லின் நிழல்
இங்கே இருந்ததைவிட அங்கே அரை விரல் குட்டை.
இடது மாடியில் காக்கை எச்சம்.
வலதிலும் எச்சம், ஆனால்
இது பார்த்து வைத்த எச்சம்.
இல்லை, அதுதான் பார்த்து வைத்தது.
மறுபடி முதலிலிருந்து.

டீயில் ஆடை கட்டியது.
கிரயப் பத்திரத்தோடு வந்தவர்
நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.
மலைச்சாமி எட்டிப் பார்த்து,
“என்ன சார், வில்லங்கமா?” என்றான்.

“ரெண்டும் ஒண்ணு இல்லம்மா.”
“தெரியும் சார். அதை எழுதிக் குடுங்க.”

அந்த வாசகத்துக்கு என்னிடம் ஸ்டாம்பு இல்லை.
கையால் எழுதினேன்:
‘மேற்படி இரு படங்களையும் நாற்பது நிமிடம் பார்த்தேன்.
எது முந்தியது என்று தெரியவில்லை.
ஒன்று மற்றதன் நகல் அல்ல.’
கீழே கையெழுத்து.
வங்கியில் இருப்பதுபோல் விழுந்ததா, தெரியாது.

ஐம்பதுக்கு ரசீது போட்டேன்.
மேல் தாளைக் கிழித்து நீட்டினால், வேண்டாமென்று
அடியில் கிடந்த ஊதாக் கார்பன் படியைக்
கிழித்துக்கொண்டாள்.
“இதுலதான் சார் உங்க அழுத்தம் தெரியுது.”

போர்வையைச் சுற்றிக்கொண்டு
அவள் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறாள்.
என் ரசீதுப் புத்தகத்தில் அசல் இருக்கிறது,
நகலைக் காணவில்லை.
மார்ச்சில் கணக்குப் பார்க்க வருகிறவருக்கு
என்ன சொல்ல?